குண்டூசி போட்ட சத்தம்

டங்!

இரும்புக் குழாயின் வயிற்றில் பந்து பட்டால் வருகிற சத்தம் இது. விளிம்பில் பட்டால் டிங். உள்ளே விழுந்தால் சத்தமே வராது. அடியில் பழைய சாக்கை மடித்துப் போட்டு வைத்திருக்கிறாள் குண்டூசி. காலையில் ஆழ்துளை போடும் ரிக் வண்டி வேலைக்குக் கிளம்புவதற்குள் இந்தச் சத்தங்கள் எல்லாம் கேட்டாக வேண்டும். வண்டியின் பின்சக்கரத்தை ஒட்டி நின்றுகொண்டு, அடுக்கி வைத்த கேசிங் பைப்புகளுக்கு மேலே கோல்ஃப் மட்டையால் பந்தைத் தூக்கி, அந்தப் பக்கம் நட்டு வைத்த பைப்புத் துண்டுக்குள் இறக்குகிறாள். வண்டி டிரைவர் மட்டும் கையில் டீ டம்ளரோடு கண்ணாடிக்கு முன்னால் மறைத்துக்கொண்டு நிற்கிறார்.

"பாப்பா, போன கண்ணாடிக்கே உங்கப்பா என்னைத்தான் திட்டினாரு."

"அது வேணும்னேதான் அடிச்சேன் அண்ணே. கெட்டியா இருக்கான்னு பார்த்தேன்."

"இருந்துச்சா?"

"இல்ல."

பதின்மூன்று வயது. ஊதினால் பறந்துவிடும் உடம்பு, தொட்டால் குத்திவிடும் நாக்கு. வேறு என்ன பெயர் வைப்பார்கள்? தோளில் தொங்கும் மட்டைப் பை அவளைவிடக் கனமாக இருக்கும். ஆனாலும் அவள் நடப்பதில்லை. ஓட்டத்துக்கும் நடைக்கும் நடுவில் அவளே கண்டுபிடித்த ஒன்றைச் செய்வாள். கால் உறைகள் ஜோடி சேர்ந்து யாரும் பார்த்ததில்லை. அடிப்பதற்கு முன்னால் பந்தோடு பேசுவாள். "போ, அந்த மேட்டுல இறங்கு, அப்புறம் உன் இஷ்டம்" என்பாள். பந்து சொன்னபடி கேட்டால் ஒரு துள்ளல். கேட்காவிட்டால் அந்த ஒரே வசனம்: "வேணும்னேதான் அடிச்சேன்."

மரத்தில் பட்டதா? நிழலில் நின்று ஆட வேண்டும் என்று வேண்டுமென்றே அடித்தாள். குட்டைக்குள் போனதா? பழைய பந்து, தொலையட்டும் என்று விட்டாள். மணல் பள்ளத்தில் விழுந்ததா? அது உண்மையிலேயே அவளுக்குச் சொந்த வீடு. துளை போடும்போது பூமிக்குள்ளிருந்து வரும் கல் மாவு ரிக் கொட்டகையின் மூலையில் மலையாகக் குவிந்து கிடக்கிறது. அதில் புதைந்த பந்தைத் தோண்டி எடுத்து வளர்ந்த கை அது. பெரிய வீட்டுப் பிள்ளைகள் மணலைப் பார்த்து முகம் சுளிக்கும்போது, இவள் செருப்பைக் கழற்றாத குறையாக இறங்குவாள்.

இந்த வாய் எங்கிருந்து வந்தது என்று ஆராய்ச்சி செய்ய வேண்டாம். அப்பா போர்க்காரர். போர்வெல் கம்பெனியில் குழாய் எடுத்துக் கொடுக்கும் ஆளாக நுழைந்து, மண்ணைத் தின்று, கிரீஸில் குளித்து, இன்றைக்குச் சொந்தமாக இரண்டு வண்டி நிறுத்தியிருக்கிறார். சும்மா வந்ததா அது? பட்டம் வாங்கியவன் இரண்டு வண்டி நிறுத்திக் காட்டட்டும், பார்க்கலாம். கம்ப்ரசர் இரைச்சலுக்கு மேலே பேசிப் பேசி, அவருக்கு ரகசியம் என்பதே எட்டு வீடு கேட்கும். தண்ணீர் வராத துளை என்று அவர் வாழ்க்கையில் ஒன்றுகூடக் கிடையாது. வராவிட்டால், "போர் வந்துடுச்சுங்க. தண்ணிதான் இன்னும் வரல" என்பார். அப்பன் வாய் இப்படி இருந்தால் மகள் வாய் எப்படி இருக்கும்?

கோல்ஃப் மைதானத்துக்கு அவளைக் கொண்டுபோய்ச் சேர்த்ததும் ஒரு துளைதான். புல்லுக்குத் தண்ணீர் போதவில்லை என்று போர்க்காரரைக் கூப்பிட்டார்கள். பள்ளி விடுமுறை, மகளும் வண்டியில் ஏறிக்கொண்டாள். அவர் தண்ணீரைத் தேடிய நேரத்தில் அவள் வேலியைத் தேடிப் போனாள். உள்ளே பிள்ளைகளுக்குப் பயிற்சி தந்துகொண்டிருந்த கோச் அக்கா, வேலிக் கம்பிக்குள் மூக்கை நுழைத்து நின்றவளிடம் ஒரு மட்டையைக் கொடுத்துப் பார்த்தாள். முதல் வீச்சில் புல்தான் பெயர்ந்தது. இரண்டாவதில் காற்று. மூன்றாவதில் பந்து எழும்பிய எழும்பலில் கோச் அக்கா கண்மேல் கை வைத்து வானத்தைப் பார்த்தாள். அதே நேரத்தில் அந்தக் கோடியில் தண்ணீர் பீறிட்டது. எது முதலில் எழும்பியது என்று போர்க்காரர் வீட்டில் இன்னமும் சண்டை நடக்கிறது.

"அந்தப் புல்லுக்கு நான்தான் தாய்ப்பால் கொடுத்தேன்" என்று போர்க்காரர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டார். ஆட்டத்தின் பாஷை மட்டும் அவருக்குப் பிடிபட நாளாயிற்று. பந்தை ஏற்றி வைத்து அடிக்கும் சின்ன முளைக்கு 'டீ' என்று பெயர். "அண்ணே, அவளுக்கு டீ இல்லையாம்" என்று கோச் அக்கா சொன்னதும், வண்டியை விரட்டிக்கொண்டு போய்ப் பிளாஸ்க் நிறைய வாங்கி வந்தார். அன்றைக்கு மைதானமே குடித்தது.

சிக்கல் வந்தது இன்னொரு வார்த்தையில்.

அடித்த பந்து வழி தவறி ஆட்கள் இருக்கும் பக்கம் போனால், அடித்தவர் 'ஃபோர்!' என்று தொண்டை கிழியக் கத்த வேண்டும். கேட்டவர்கள் தலையைக் கையால் மூடிக் குனிந்துகொள்வார்கள். கல்லைப் போன்ற பந்து, மண்டையில் பட்டால் என்ன ஆகும்? ஆகவே கத்துவது கட்டாயம். குண்டூசி முதல்முறை கத்தினாள். அவள் வாயில் அது 'போர்!' என்று வந்தது. நெட்டை என்று எல்லோரும் கூப்பிடும் ஒரு பெண் அங்கே ஆடுகிறாள். பல் டாக்டரின் மகள், ஒட்டகத்தின் உயரம், ஆட்டத்தில் அளவெடுத்துத் தைத்த மாதிரி சுத்தம். அவள் குனிந்த தலையை நிமிர்த்திக் கேட்டாள்:

"என்னடி, போர் போர்ங்கிற? தண்ணி வந்துச்சா?"

பிள்ளைகள் புல்லில் விழுந்து சிரித்தார்கள். அன்றோடு அந்த வார்த்தையை விழுங்கிவிட்டாள் குண்டூசி. இன்னொன்றையும் கவனித்திருந்தாள்: ஃபோர் என்று கத்தினால் நான்கு பக்கமும் தலைகள் திரும்பும். 'நான் தப்பாக அடித்துவிட்டேன்' என்று தானே தண்டோரா போட்ட மாதிரி. வேண்டுமென்றே அடிக்கிறவள் எதற்குக் கத்த வேண்டும்? பந்து எங்கே பறந்தாலும் வாயை இறுக்க மூடிக்கொண்டு நின்றாள்.

ஒருநாள் பந்து நெட்டையின் தோள்பட்டையில் போய் உட்கார்ந்தது.

நெட்டை சுருண்டு விழுந்தாள். கோச் அக்கா ஓடினாள். தோளில் நெல்லிக்காய் அளவு வீக்கம். அங்கே ஐஸைக் கட்டிவிட்டு இங்கே வந்து, "என்னடி பண்ணி வெச்சிருக்க?" என்று கேட்டாள். குண்டூசிக்குக் கண்ணில் நீர் முட்டியது. மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தாள். பழக்கதோஷம்! நாக்கு தன்பாட்டுக்குச் சொல்லிவிட்டது:

"வேணும்னேதான் அடிச்சேன்."

அந்த இரண்டு வார்த்தைக்கு என்ன விலை என்று அந்த நொடியில்தான் அவளுக்கு உறைத்தது. "ஐயோ அக்கா, அது இல்ல, அது சும்மா வாயில வர்றது" என்று அழுதாள். யார் நம்புவார்கள்? ஒரு மாதம் மட்டையைத் தொடக்கூடாது என்றாள் கோச் அக்கா. ஆனால் தினமும் வர வேண்டும். பயிற்சி வரிசைக்குப் பின்னால் நின்று, யாருடைய பந்து தவறினாலும் ஃபோர் கத்த வேண்டும்.

"அடுத்தவங்க தப்புக்கெல்லாம் நான் ஏன்கா கத்தணும்?"

"உன் தப்புக்கு நீ கத்தலையே, அதான்."

மறுநாள் காலையில் நெட்டை வீட்டு வாசலில் அழைப்பு மணி அடித்தாள் குண்டூசி. கதவைத் திறந்தது நெட்டையே. தோளில் கட்டு.

"நான் வேணும்னு அடிக்கல. கை தப்பிடுச்சு."

நெட்டை மேலிருந்து கீழே பார்த்தாள். அவள் யாரைப் பார்த்தாலும் அப்படித்தான் பார்க்க முடியும். "தெரியும்டி. நீ வேணும்னு குறி வெச்சிருந்தா என் மேல பட்டிருக்காது."

கதவு சாத்திக்கொண்டது. குண்டூசி படியிறங்கி, தெருமுனை வரைக்கும் போய், அங்கே நின்று சிரித்தாள். அப்படி ஒரு பதிலடி தனக்கு வரவில்லையே என்ற பொறாமையும் அந்தச் சிரிப்பில் இருந்தது.

அந்த ஒரு மாதம் கத்தினாள் பாருங்கள், அது கத்தல்! முதல் நாள் பூனைக்குட்டி. இரண்டாம் நாள் கொஞ்சம் பரவாயில்லை. அப்புறம் ஒருநாள் ஒரு சின்னப் பையன் அடித்த பந்து, கிளப் வாசலில் நின்றவர்களைப் பார்த்துப் பாய்ந்தபோது, அடிவயிற்றிலிருந்து வந்தது அப்பாவின் குரல். கம்ப்ரசரைத் தாண்டும் குரல். வாசலில் நின்றவர்கள் மட்டுமல்ல, உள்ளே கணக்கு எழுதிக்கொண்டிருந்தவரும் மேசைக்கு அடியில் போய்விட்டார். "போர்க்காரர் மகள்னா சும்மாவா!" என்று யாரோ சொன்னார்கள். இந்தமுறை ஒருவரும் சிரிக்கவில்லை. ஆனால் அதெல்லாம் அடுத்தவர் பந்துக்கு. சொந்தப் பந்துக்கு அந்தத் தொண்டை திறக்குமா? அது அவளுக்கே தெரியாது.

தெரிந்துகொள்ளும் நாளும் வந்தது. வட்டார இளையோர் அணிக்கான தேர்வுப் போட்டி. அணிக்குள் நுழைந்தால் வெளியூர்ப் பயணம், பெரிய மைதானங்கள், புது மட்டைகள். மற்ற இடங்கள் நிரம்பிவிட்டன. மிச்சம் ஒரே ஒரு இடம். கடைசிக் குழிக்கு வரும்போது அந்த இடத்துக்கு நின்றவர்கள் இரண்டே பேர்: குண்டூசியும் நெட்டையும். குறைந்த அடிகளில் முடிப்பவருக்குத்தான் வெற்றி. குண்டூசி இதுவரை ஒரே ஒரு அடி குறைவாக எடுத்து முன்னால் நின்றாள்.

பெற்றவர்கள் கயிற்றுக்கு வெளியே. ஆட்டத்தைப் பற்றி அவர்கள் ஒரு யோசனை சொன்னாலும் தண்டனை பிள்ளைக்கு.

"ஏம்மா, சாப்பிட்டியான்னாவது கேட்கலாமா?" என்று காலையிலேயே கோச் அக்காவிடம் கேட்டுப் பார்த்திருந்தார் போர்க்காரர்.

"வேண்டாம் அண்ணே. நீங்க அதைக் கேட்டாக்கூட அடுத்த மைதானத்துல பந்து நகரும்."

எனவே அவர் கைத்துணியைச் சுருட்டிப் பல்லிடுக்கில் வைத்துக்கொண்டு, காலையிலிருந்து கயிற்றோரமாகவே வந்துகொண்டிருந்தார்.

நெட்டை முதலில் அடித்தாள். நூல் பிடித்த மாதிரி நடுவில் போய் நின்றது. அடுத்து குண்டூசி. பந்தோடு பேசினாள். வீசினாள். மட்டையை விட்டுக் கிளம்பிய கணமே தெரிந்துவிட்டது: பந்து வலப்பக்கம் வளைகிறது. அங்கே மர வரிசை. மர வரிசைக்கு முன்னால், ஆட்டம் முடிந்துவிட்டது என்று நினைத்து வந்துவிட்ட புல் வெட்டும் வண்டி. அதன் மேல் முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறார் ஒரு ஆள். எஞ்சின் கடகடவென்று ஓடுகிறது.

'பந்து நிற்கிற வரைக்கும் கண்ணை எடுக்காதே, பார்க்காத பந்து கிடைக்காத பந்து.' இது கோச் அக்கா தினமும் ஓதும் மந்திரம். குண்டூசி கண்ணை எடுத்தாள். பந்தை விட்டுவிட்டு அந்த முதுகைப் பார்த்தாள்.

"ஃபோஓஓர்!"

முதுகு அசையவில்லை. மட்டையைக் கீழே போட்டாள், இரண்டு கையையும் வாயருகில் குவித்தாள்.

"ஃபோஓஓஓர்! அண்ணே, குனிஞ்சுக்கோ!"

எஞ்சினைக் கிழித்துக்கொண்டு போனது குரல். அவர் ஸ்டீயரிங் மேல் அப்படியே மடங்கினார். தலை இருந்த இடத்தில் ஒரு வெள்ளைக் கீற்று. அதற்கப்புறம் மரங்களுக்குள் எங்கோ 'டொக்'. அவ்வளவுதான். எல்லோரும் அந்த ஆளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பந்து எங்கே போனது என்று ஒரு கண்ணும் பார்க்கவில்லை.

குண்டூசி அவரிடம்தான் முதலில் ஓடினாள். "அடி பட்டுச்சாண்ணே?"

"இல்ல பாப்பா. நான்தான் பார்க்காம குறுக்க வந்துட்டேன். உன் ஆட்டம் என்னால கெட்டுப்போச்சே."

"உங்களால இல்ல. நான் தப்பா அடிச்சேன்."

சொன்ன பிறகுதான் அந்தச் சொல் தன் வாயிலிருந்து வந்தது என்பதே அவளுக்குத் தெரிந்தது. வாய் புண்ணாகவில்லை. வானம் இடிந்து விழவில்லை.

தேடலுக்கு மூன்றே நிமிடம் என்பது விதி. நடுவர் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்க, கோச் அக்கா ஒரு பக்கம், புல் வெட்டுகிறவர் ஒரு பக்கம். முள் புதருக்குள் முழங்காலில் தவழ்ந்துகொண்டிருந்தது நெட்டை. அந்தப் பந்து கிடைக்காவிட்டால் லாபம் அவளுக்குத்தான். ஆனாலும் கை கீறத் தேடினாள். புதருக்குள்ளிருந்து குரல் வந்தது.

"இதுவும் வேணும்னேதானா?"

"வாயை மூடிட்டுத் தேடுடி."

கிடைக்கவில்லை. தொலைந்த பந்துக்குத் தண்டனையாக ஓர் அடி கூடும். முதலில் அடித்த இடத்துக்கே போய் மறுபடியும் அடிக்க வேண்டும். அத்தனை பேர் பார்க்க அவ்வளவு தூரமும் திரும்பி நடப்பது இருக்கிறதே, பெரிய மனிதர்களே தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு போவார்கள். குண்டூசி அவளுடைய அந்தப் பாதி ஓட்டத்திலேயே போனாள். கயிற்றோரத்தில் போர்க்காரர் துணியைக் கடித்துக்கொண்டு, முகம் சிவந்து, கண் பிதுங்கி நின்றார்.

"அப்பா, துணியை எடு. மூச்சு முட்டிடப் போகுது."

மீண்டும் முளை, மீண்டும் பந்து. இந்தமுறை பந்தோடு பேசவில்லை. அடித்தாள். அடடா, அது அடி! மேகத்தை ஒரு கீறு கீறிவிட்டு நெட்டையின் பந்தையும் தாண்டி உருண்டது. அடுத்த அடியில் குழி இருக்கும் பச்சைத் தரையின் விளிம்பில் ஏற்றிவிட்டாள். ஏற்றினாலும் குழி இன்னும் ஒரு லாரி நீளம் தள்ளி. நடுவில் மேடு, மேட்டைத் தாண்டினால் சரிவு. நெட்டையின் பந்தோ இரண்டாவது அடியிலேயே வந்து, இரண்டு கட்டில் நீளத்தில் சமர்த்தாக உட்கார்ந்திருக்கிறது.

தூரத்தில் இருப்பவர் முதலில் ஆட வேண்டும். குண்டூசி குந்தி உட்கார்ந்து தரையைப் பார்த்தாள், எழுந்தாள், தட்டினாள். பந்து மேட்டில் ஏறியது. உச்சியில் போய், போகலாமா வேண்டாமா என்று நின்று யோசித்தது. சரிவில் சாய்ந்தது, வேகம் பிடித்தது, குழியின் விளிம்பை ஒரு சுற்று வந்தது, உள்ளே போனது!

போர்க்காரர் வாயிலிருந்து வந்தது வார்த்தை இல்லை, அதனால் குற்றமும் இல்லை. பக்கத்து மரத்திலிருந்த பறவைகள் மட்டும் குடும்பத்தோடு வேறு இடம் பார்த்துக்கொண்டு போயின.

கணக்கு இப்போது எளிது. தண்டனை அடியும் சேர்த்து இந்தக் குழியில் குண்டூசிக்கு ஐந்து அடி. நெட்டை ஒரே தட்டில் போட்டுவிட்டால் இடம் அவளுக்கு. இரண்டு தட்டானால் இருவரும் சமம். இன்னொரு குழி ஆடித் தீர்க்க வேண்டும். நெட்டை பந்துக்குப் பின்னால் நின்றாள், குனிந்தாள், நிமிர்ந்தாள், மறுபடியும் குனிந்தாள். சாயும் வெயில் குழிக்குப் பின்னாலிருந்து நேராக அவள் கண்ணில் அடித்தது.

"குழியே தெரியலடி. கொடியைப் பிடிக்கிறியா?"

குண்டூசி போய்க் குழியருகில் நின்றாள். குழி இருக்கும் இடத்தைக் காட்ட அதற்குள் நட்டிருக்கும் கொடிக் கம்பை ஒருமுறை திருகித் தளர்த்திக்கொண்டாள். பந்து வரும்போது உருவ வேண்டும், சிக்கிக்கொள்ளக் கூடாது. காற்றில் படபடத்த கொடித் துணியைக் கைக்குள் சுருட்டிப் பிடித்தாள். தன் நிழல் நெட்டையின் பாதையில் விழுவதைப் பார்த்து, காலை மாற்றி அந்தப் பக்கம் போனாள்.

நெட்டை தட்டினாள். இடப்பக்கம் கொஞ்சம் அகலமாகக் கிளம்பியது பந்து. கயிற்றோரத்தில் யாரோ 'போச்சு' என்றார்கள். குழிக்குப் பக்கத்தில் நின்ற குண்டூசிக்கு மட்டும் தெரிந்தது, அது திரும்பும் என்று. திரும்பியது. அப்படியே, வில் வளைகிற மாதிரி, அழகாக. அவள் கொடியைச் சட்டென்று உருவினாள். பந்து குழிக்குள் விழுந்த சத்தம் எல்லோருக்கும் முன்னால் அவள் காதில்தான் விழுந்தது. யாருக்கு இடம், யாருக்கு இல்லை என்று மனசு கணக்குப் போட்டு முடிப்பதற்குள், "போட்டுட்டடி!" என்று கத்திக்கொண்டே அவள் கை, கொடியும் கம்புமாக, தலைக்கு மேலே போய்விட்டது.